வீரனுக்கும் மனம் உண்டு

(தூத்துக்குடியில் அவசர உதவி ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இங்கு கூடியிருப்பவர்களில் பெரும்பாலோர் தீயணைப்பு நிலையத்திலும், 108 வண்டியிலும், போலீசிலும், ஆஸ்பத்திரிப் பிணவறையிலும் வேலை செய்கிறவர்களும், வெள்ளக் காலத்தில் படகெடுத்துப் போன கடற்கரைத் தோழர்களுமாய் இருக்கிறீர்கள். மற்றவர்கள் எந்த இடத்தை விட்டு ஓடி வருகிறார்களோ, அந்த இடத்தை நோக்கி ஓடுவது உங்கள் தொழில். உங்களைப் புகழ்ந்து பேச நான் வரவில்லை. புகழ்ச்சி உங்களுக்கு வேண்டியமட்டும் கிடைத்தாய்விட்டது. பொன்னாடை போர்த்துகிறார்கள், 'நடமாடும் தெய்வம்' என்கிறார்கள். ஒருவனைத் தெய்வம் என்று சொல்லிவிடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. தெய்வத்துக்குத் தூக்கம் வேண்டாம், ஓய்வு வேண்டாம், வைத்தியம் வேண்டாம். கல்லாய் நின்றால் போதும். மனிதன் என்று ஒப்புக்கொண்டால்தான் இவ்வளவும் கொடுத்தாக வேண்டும். ஆகையால் உங்களை மனிதர்கள் என்று சொல்லுவதற்கே நான் வந்திருக்கிறேன்.

கடற்கட்டியின் கதை

இவ்வூர் முத்துக் குளித்த ஊர். 1961-ஓடு அந்தத் தொழில் நின்று போயிற்று என்றாலும், அதன் கதை பெரியவர்களுக்குத் தெரியும். அக்காலத்தில் கடற்கட்டி என்று ஒருவன் உண்டு. சுறாமீனின் வாயை மந்திரத்தால் கட்டிவிடுவது அவன் வேலை. அவன் மந்திரம் சொல்லாவிட்டால் முத்துக் குளிக்கிறவன் தண்ணீரில் இறங்கமாட்டான். வெள்ளைக்காரச் சர்க்காரும் அந்தக் கடற்கட்டிக்குப் படி கொடுத்து வைத்திருந்தது. வெள்ளைக்காரன் மந்திரத்தை நம்பினானா? இல்லை. மந்திரம் பொய் என்று அவனுக்கு நன்றாய்த் தெரியும். ஆனால் குளிக்கிறவனுடைய பயம் மெய் என்பதும் அவனுக்குத் தெரியும். அந்தப் பயத்துக்கு ஏதாவது செய்யாவிட்டால் முத்து வராது, வரும்படி வராது. ஆகவே படி கொடுத்தான்.

தோழர்களே! மந்திரம் பொய் என்று சிரிக்கிற நாம், பயமும் பொய் என்று சிரித்துவிடக் கூடாது. பகுத்தறிவு என்றால் மந்திரத்தைத் தள்ளுவது மாத்திரம் அல்ல. பயத்துக்குக் காரணம் என்ன, பரிகாரம் என்ன என்று கண்டுபிடிப்பதுந்தான். ஆபத்தில் இறங்குகிறவனுக்கு மனத்துணை வேண்டும் என்பதைப் பணத்தாசை கொண்டவன்கூட அன்று ஒப்புக்கொண்டான். இன்று நம்மவர்கள் ஒப்புக்கொள்ளுகிறார்களா என்பதுதான் கேள்வி.

வெள்ளம் வடிந்த பிறகு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி கரை கடந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நின்றுபோய், சுமார் 800 பேர் அங்கே அகப்பட்டுக் கொண்டார்கள். பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் சோறு பொங்கிப் போட்டார்கள். மீனவர்கள் கடலில் ஓட்டும் படகை வயலிலும் தெருவிலும் ஓட்டினார்கள். தீயணைப்புக்காரரும் போலீசாரும் கழுத்தளவு தண்ணீரில் நின்றார்கள். பத்திரிகைகள் எல்லாம் எழுதின. தண்ணீர் வடிந்தது, பத்திரிகைகள் வேறு சேதிக்குப் போய்விட்டன.

ஆனால் தண்ணீரில் நின்றவனுடைய மனத்திலிருந்து தண்ணீர் வடிந்ததா? கிணற்றுக்குள் இறங்கி ஒரு குழந்தையின் பிணத்தைத் தூக்கி வந்தவன், அன்று இரவு தன் குழந்தையைத் தொடக் கை கூசுகிறான். படுத்தால் தூக்கமில்லை, கண்ணை மூடினால் அதே காட்சி. தெருவில் பட்டாசு வெடித்தால் திடுக்கிடுகிறான். வீட்டில் ஒரு சொல்லுக்கு எரிந்து விழுகிறான். மனைவி 'என்ன ஆயிற்று?' என்றால் 'ஒன்றுமில்லை' என்கிறான். ஏன்? ஆண்பிள்ளை அழக்கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்தாய்விட்டது. அழக்கூடாது, சொல்லக்கூடாது, ஆனால் குடிக்கலாம்! நம் சமூகம் ஆணுக்கு அனுமதித்திருக்கிற ஒரே வைத்தியம் அதுதான்.

சாராயம் முதலில் தூக்கத்தைக் கொடுப்பது மெய். அதனால்தான் மனிதன் ஏமாந்து போகிறான். ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடுகிறது. அந்தத் தூக்கம் மூளைக்கு வேண்டிய தூக்கமும் அல்ல. மறுநாள் களைப்பும் கலக்கமும் அதிகமாகிறது. அதைத் தீர்க்க மறுபடியும் குடி. முதலில் காட்சியை மறக்கக் குடித்தவன், பிறகு கை நடுக்கத்தை நிறுத்தக் குடிக்கிறான். இது கொழுப்பு அல்ல, ஒழுக்கக்கேடும் அல்ல, வியாதி.

எனக்குத் தெரிந்த ஒரு தோழர், பெயர் சொல்லமாட்டேன், பல வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். நெடுஞ்சாலையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நாலு பேரை ஏற்றிக்கொண்டு போய், ஒருவரைக்கூடப் பிழைக்க வைக்க முடியாமல் திரும்பினார். வண்டியை அவரே கழுவினார். கழுவி முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்தது. அன்று ஆரம்பித்த குடி அவருக்கு வேலையையும் பல்லையும் பறித்தது. 'ஒருவராவது என்னை உட்கார வைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டிருந்தால்' என்று அவர் என்னிடம் சொன்னார். அவர் கேட்டது எவ்வளவு சின்ன காரியம் பாருங்கள்!

கோழை என்ற பட்டம்

இந்த வியாதி புதிதல்ல. 1914-இல் தொடங்கிய ஐரோப்பிய மகாயுத்தத்தில், குண்டுச் சத்தத்திலேயே கிடந்த சிப்பாய்கள் பலருக்குக் கைகால் நடுங்கிற்று, பேச்சு நின்றது. சில வைத்தியர்கள் அதை வியாதி என்றார்கள். பட்டாளத்து அதிகாரிகள் அதைக் கோழைத்தனம் என்றார்கள். ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களைச் சாட்டிப் பிரிட்டிஷ் பட்டாளத்தில் 300 பேருக்கு மேல் தம் பக்கத்தாராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு மன்னிப்பு வந்தது எப்போது? 2006-இல்! 1980-இல்தான் அமெரிக்க மனநோய் வைத்தியர்கள் அதிர்ச்சிக்குப் பின் வரும் இந்த மனநோயைத் தங்கள் வைத்திய ஏட்டில் சேர்த்தார்கள். கோழை என்று பட்டம் கட்டுவது சுலபம். காரணம் கண்டுபிடிக்கத்தான் அறிவு வேண்டும்.

விதியும் வேண்டுதலும்

நிற்க. நம் நாட்டில் இந்த வியாதிக்கு என்ன வைத்தியம் நடக்கிறது? 'கிரகம் சரியில்லை' என்பான் சோசியன். 'பிணத்தைத் தொட்டதால் பேய் பிடித்தது' என்பான் மந்திரவாதி. கோவில், சர்ச், தர்கா எதற்குப் போனாலும் கையைப் பிடித்துப் பார்க்க வைத்தியன் இல்லை. காணிக்கை வாங்க ஆள் இருக்கிறது. இதே கடற்கரையில், ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6-ந் தேதி என்ன நடந்தது? மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலி கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். எந்தச் சக்தி அந்தச் சங்கிலியை அவிழ்த்தது?

'மாலை போட்டவர் 41 நாள் குடியைத் தொடவில்லையே, அது தெய்வசக்தி அல்லவா?' என்று சில தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி, யோசித்துப் பார்ப்போம். மாலை போட்டவுடன் என்ன நடக்கிறது? குடிக்கக் கூப்பிட்ட சிநேகிதன் கூப்பிடுவதில்லை. வேளைக்குக் குளிப்பு, வேளைக்குச் சாப்பாடு, மாலையில் நாலு பேருடன் கூட்டம். ஊரார் மரியாதையாய்ப் பேசுகிறார்கள். மாலையைக் கழற்றியதும் இவ்வளவும் போய்விடுகிறது, குடி வந்துவிடுகிறது. அப்படியானால் வேலை செய்தது மாலையா, மரியாதையும் கூட்டமும் ஒழுங்குமா? தெய்வமாய் இருந்தால் 42-ஆம் நாள் அது எங்கே போயிற்று? மாலை இல்லாமலே அந்த மரியாதையையும் கூட்டத்தையும் 365 நாளும் கொடுத்துப் பாருங்கள் என்கிறேன்.

இன்னும் ஒரு எச்சரிக்கை. நாள்தோறும் மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரும் போகலாம். ஆகவே சத்தியம் வாங்கி வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். குடியை நிறுத்தும் மாத்திரை என்று சொல்லிக் குழம்பில் தெரியாமல் கலந்து கொடுக்காதீர்கள். அந்த மாத்திரையோடு சாராயம் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. வைத்தியம் என்பது அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து நடக்க வேண்டிய காரியம். ஏமாற்றிச் செய்வது வைத்தியமும் அல்ல, சுயமரியாதையும் அல்ல.

சர்க்காருக்குச் சில வார்த்தை

2003 முதல் சில்லறை மதுக்கடையைச் சர்க்காரே நடத்துகிறது. விற்கிறதும் சர்க்கார், குடித்தான் என்று வேலையிலிருந்து நீக்குகிறதும் சர்க்கார். விற்கிற கைக்கு வைத்தியம் செய்கிற கடமையும் உண்டா இல்லையா?

நல்லது செய்ததையும் சொல்லவேண்டும். 2018-இல் போலீசாருக்காகப் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு பயிற்சித் திட்டம் வந்தது. 2021-இல் காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று உத்தரவாயிற்று. 2022-இல் 14416 என்ற மனநல உதவி எண் ஏற்பட்டது. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கக்கூடாது, கவனித்துக் காப்பாற்ற வேண்டும் என்கிறது. ஆனால் உத்தரவு காகிதத்தில் இருந்தால் போதாது. ஓய்வு உடம்புக்குக் கிடைக்க வேண்டும்.

108 வண்டி 2008-இல் வந்தது. அதில் ஓடுகிறவர்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் அல்ல. தனியார் நிறுவனத்தின் கீழ் 12 மணி நேரம் வேலை செய்கிறவர்கள். பிணவறையிலும் சாக்கடையிலும் வேலை செய்கிறவரைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். பிணம் தூக்குகிற வேலையை ஒரு ஜாதியின் தலையில் கட்டிவிட்டு, 'அவன் குடித்தால்தான் அதைச் செய்வான்' என்று பாட்டிலையும் கையில் கொடுத்துவிடுகிறோம். அவனுக்கு மனம் உண்டு என்று நினைப்பதற்கே நம் வருணாசிரம புத்தி இடங்கொடுப்பதில்லை. வீரர் பட்டியலில் முதல் பெயராய் அவன் பெயர் வரவேண்டாமா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுகிறேன். மனவேதனை குற்றத்துக்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது. 2020 ஜூனில் இந்த ஜில்லாச் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு மாண்டார்கள். 'வேலைப் பளு, மனக் கஷ்டம்' என்று அதற்குச் சமாதானம் சொன்னால் அது அக்கிரமம். வியாதிக்கு வைத்தியம், குற்றத்துக்குத் தண்டனை. இரண்டையும் குழப்பக்கூடாது.

செய்யவேண்டியது

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். கோரமான சம்பவத்துக்குப் போய் வந்தவருக்கு அன்று அடுத்த அழைப்பு கொடுக்காதீர்கள். சாப்பாடும் ஓய்வும் கொடுங்கள். அன்றே எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொல் சொல் என்று கட்டாயப்படுத்துவது நன்மை செய்யாது என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். சொல்ல விரும்பினால் கேட்க ஒரு ஆள் இருந்தால் போதும். ஒரு மாதம் கழித்தும் தூக்கம் வராவிட்டால் வைத்தியரிடம் அனுப்புங்கள். நிலையந்தோறும் ஊழியர்களிலேயே ஒருவருக்கு இதில் பயிற்சி கொடுங்கள். குடியிலிருந்து மீண்டவரைவிட நல்ல துணை குடியில் இருப்பவருக்குக் கிடைக்காது. தானே வந்து 'எனக்கு வைத்தியம் வேண்டும்' என்கிறவனுடைய விஷயம் ரகசியமாய் இருக்கவேண்டும். அவன் வேலை போகக்கூடாது. குணமாகும்வரை வண்டி ஓட்டாமல் வேறு வேலை கொடுங்கள், சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். ஒருமுறை மீண்டவன் மறுபடி விழுந்தால் கைகழுவாதீர்கள். சர்க்கரை வியாதிக்காரனுக்குச் சர்க்கரை மறுபடி ஏறினால் ஆஸ்பத்திரியை விட்டுத் துரத்துகிறோமா?

வீட்டிலிருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: அவர் குடித்தது உங்கள் குற்றம் அல்ல. 'பெண்டாட்டி சரியாயிருந்தால் ஏன் குடிக்கிறான்' என்கிற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வியாதிக்கு இரக்கப்படுங்கள், அடிக்குப் பொறுத்துப் போகவேண்டியதில்லை.

தோழர்களே! முத்துக் குளிக்கிறவனை உண்மையில் காப்பாற்றினவன் கரையில் மந்திரம் சொன்ன கடற்கட்டி அல்ல. படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவன். கீழே இருக்கிறவன் கயிற்றை அசைத்தால் இவன் உடனே இழுக்கவேண்டும். மூச்சு முட்டுகிறது என்று கயிற்றை அசைப்பவனைக் கோழை என்று எவனும் சொன்னதில்லை. அந்த நியாயம் கடலுக்கு இருந்தது, கரைக்கும் இருக்கட்டும். மூச்சு முட்டினால் கயிற்றை அசையுங்கள். கயிறு பிடித்திருக்கிறவர்கள் தூங்காதிருங்கள்.

நான் சொன்னவற்றை நான் சொன்னேன் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய், உங்கள் அனுபவத்தோடு வைத்துப் பார்த்து, சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.