தூளுக்கும் விலை வந்தது, தொழிலாளிக்கு என்ன வந்தது?

(தென்னந்தோட்டத் தொழிலாளர் கிளைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



புதிய கண்டுபிடிப்பு என்றவுடன் வெளிநாட்டு ஆய்வுகூடமும் கணினியும்தான் பலருக்கு நினைவில் வருகின்றன. சிலாபம் தொடக்கம் கற்பிட்டி வரை தென்னையோடு வாழும் நாம் நமது தொழிலையே ஒருமுறை பார்ப்போம்.

கள் சீவும் தொழிலாளி ஒவ்வொரு மரமாக ஏறி இறங்குவதில்லை. மரத்துக்கு மரம் தும்புக் கயிறு கட்டி, ஒன்றில் கால் வைத்து, மற்றொன்றைக் கையால் பிடித்து மேலாலேயே நடக்கிறார். இதைக் கண்டுபிடித்தவரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு நாளில் அதிக மரங்களைப் பார்க்க வேண்டும், உடம்பும் தாங்க வேண்டும் என்ற தேவையில் பிறந்த யோசனை அது.

லுணுவிலவில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவனம் 1929இல் ஓர் ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கியது. குட்டைத் தென்னையையும் நெட்டைத் தென்னையையும் சேர்த்து சீஆர்ஐசி 65 என்ற கலப்பினத்தைத் தந்தது அந்த நிறுவனமே. அறிவு விஞ்ஞானிகளுடையது. ஆனால் அந்த விதைத் தேங்காய் கிடைக்க, தாய் மரத்தின் ஆண் பூக்களை உரிய நேரத்தில் அகற்ற வேண்டும். மரம் ஏறத் தெரிந்த கைகள் இல்லாமல் அந்த அறிவு காய்த்திருக்காது.

இப்போது தும்பாலைக்கு வருவோம். ஒரு மட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தும்பு. மிச்சமெல்லாம் தூள். ஒரு காலத்தில் அதற்கு விலையில்லை. ஆலைக்குப் பின்னால் மலைபோல் குவிந்து கிடந்தது. மழையில் நனைந்த பழைய குவியலில் செடி செழித்து வளர்வதையும், வெயிலிலும் அது ஈரம் காப்பதையும் நம்மவர்கள் கண்டிருந்தார்கள். தென்னை அடியில் மட்டையைப் புதைத்து ஈரம் காக்கும் வழக்கமும் நம்மிடம் இருந்தது.

ஐரோப்பாவில் பூச்செடி வளர்ப்போர் சதுப்பு நிலங்களைத் தோண்டிக் கரிமண் எடுத்து வந்தார்கள். அந்த நிலங்கள் அழிகின்றன என்ற எதிர்ப்பு எழுந்தபோது மாற்று தேடினார்கள். அந்த இடத்துக்கு நமது தும்புத்தூள் வந்தது. அதை அலசி உப்பைப் போக்கி, உலர்த்தி, அமுக்கிக் கட்டியாக்கினால் கப்பலேற்றலாம். குப்பையாகக் கிடந்தது ஏற்றுமதிப் பொருளாயிற்று.

அப்படியானால் அந்தப் புது வருமானத்தில் தூளை வாரி உலர்த்தும் பெண்ணுக்கு எவ்வளவு? தூசியைச் சுவாசிப்பவருக்கு முகக்கவசம் உண்டா? இயந்திரம் வந்தால் வேலை இழப்பவருக்கு என்ன வழி? புதிய பொருள் சந்தைக்குத் தானாக வரலாம். நியாயமான பங்கு தானாக வருவதில்லை. அதற்கும் ஒரு கண்டுபிடிப்பு தேவை.

அதையும் இந்த நாடு கண்டிருக்கிறது. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், முதலாளியும் தொழிலாளர் பிரதிநிதியும் ஒரே மேசையில் அமர்ந்து ஆகக்குறைந்த சம்பளத்தைத் தீர்மானிக்க வழி செய்தது. தென்னைத் தொழிலுக்கும் அப்படியொரு சபை உண்டு. 1958இல் தொழில் அமைச்சர் டி. பி. இலங்கரத்ன காலத்தில் ஊழியர் சேமலாப நிதி வந்தது. நமது சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம் செலுத்த வேண்டும். முதுமையில் கூலியாளும் கையேந்தாமல் வாழலாம் என்பது அக்காலத்தில் எவ்வளவு புதிய யோசனை!

தற்காலிக வேலை, ஆயிரம் காய்க்கு இவ்வளவு என்ற கணக்கு வேலை என்று சொல்லி இந்த நிதியை மறுக்க முடியாது. சட்டம் அவர்களையும் சேர்த்தே பேசுகிறது.

ஆகவே தோழர்களே, இரண்டு வேலைகள். உங்கள் பெயரில் பணம் கட்டப்படுகிறதா என்று இந்த மாதமே விசாரியுங்கள். இல்லையென்றால் கிளைக்கு அறிவியுங்கள். அடுத்தது, வேலையை இலகுவாக்க உங்களுக்குத் தோன்றும் யோசனையைக் கூட்டத்தில் சொல்லுங்கள். அதை நாம் சேர்ந்து எழுதி நிர்வாகத்தின் முன் வைப்போம், அதற்குரிய பங்கையும் சேர்த்தே கேட்போம்.