மூன்று முறை தோற்ற வால்வு

நம் இதய வால்வு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகிறது. அது பழுதாகி, செயற்கை வால்வு பொருத்த வேண்டி வந்தால்? 1980களில் வெளிநாட்டிலிருந்துதான் வாங்கியாக வேண்டியிருந்தது. சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாத விலை.

நாமே செய்தால் என்ன என்று இறங்கினார் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவ ஆய்வு நிலையத்தின் இதய அறுவை நிபுணர் டாக்டர் வலியத்தான். முதல் மூன்று மாதிரிகளும் தேறவில்லை. நான்காவது தேறியது: கோபால்ட் கலந்த உலோகக் கூடு, அதற்குள் சாய்ந்து திறக்கும் பிளாஸ்டிக் வட்டு. இயந்திரத்தில் கோடிக்கணக்கான தடவை திறந்து மூடிப் பார்த்தார்கள். செம்மறி ஆடுகளுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். 1990 டிசம்பரில்தான் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

இத்தனை ஆண்டுத் தோல்விக்குச் செலவழித்தது அரசுப் பணம். லாபத்தை எதிர்பார்க்கும் எந்த முதலாளியும் அவ்வளவு காலம் பொறுத்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். ஆனால் ஆய்வுக்கூடம் ஆயிரக்கணக்கில் வால்வு செய்து விற்க முடியாதே! அந்தப் பொறுப்பை ஏற்றது சென்னையின் டி.டி.கே. குழுமம். ஆமாம், நம் வீட்டுப் பிரஷர் குக்கர்காரர்களேதான்!

டி.டி.கே. சித்ரா வால்வு இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது.