உரிமத் தேர்வுக்கு எதைப் படிப்பது?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இயந்திரப் பொறியியல் உரிமத் தேர்வைப் பற்றிப் பேச ஒரு வைத்தியர் ஏன் மேடை ஏறியிருக்கிறார் என்று சிலர் நினைக்கக்கூடும். மேடையில் நிற்பது ஒருவர்தான். ஆனால் இந்த உரையைத் தயாரித்தது எங்கள் வகுப்புத் தோழியர் கூட்டம். எங்களுள் உயிரியல் படித்தவர்களும் இருக்கிறார்கள், இணைந்த கணிதம் படித்தவர்களும் இருக்கிறார்கள். வைத்தியர்களான நாங்கள் புலம்பெயர்ந்த நாடுகளில் மீண்டும் பரீட்சை எழுதித்தான் வெள்ளை அங்கி அணிந்தோம். இங்கிலாந்தில் பிளாப், ஒஸ்ரேலியாவில் ஏ.எம்.சி. என்று அந்தப் பரீட்சைகளுக்குப் பெயர்கள். எங்கள் பொறியியல் தோழியருள் பலர் அந்தப் பக்கம் போகவில்லை. கல்யாணம், பிள்ளைகள், வீட்டுக் கடன், பெற்றோரின் முதுமை என்று வருடங்கள் போய்விட்டன. பட்டச் சான்றிதழ் அலுமாரியின் அடித்தட்டில் கிடந்தது.

அவர்களுள் ஒருவர் பேராதனையில் இயந்திரப் பொறியியல் படித்தவர். இப்போது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கிறார். கடைக்குட்டி உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு, "இனி நான் எழுதினால் என்னடி?" என்று எங்களைக் கேட்டார். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் நாங்கள் திரைக்கு முன் கூடினோம். அங்கே கோடை காலத்தில் ஹூஸ்ரனில் காலை 6 மணி, ரொறன்ரோவில் 7, லண்டனில் நண்பகல் 12, இங்கே மாலை 4.30, மெல்பேர்ணில் இரவு 9. அவர் படித்தார், நாங்கள் கேள்வி கேட்டோம். அந்தச் சனிக்கிழமைகளில் நாங்கள் அறிந்துகொண்டதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் பரீட்சை என்னவென்று சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் பொறியியல் உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வழங்குகிறது. பரீட்சைகளை மட்டும் என்.சி.ஈ.ஈ.எஸ். என்னும் ஒரே அமைப்பு நடத்துகிறது. முதற் படி எஃப்.ஈ. என்னும் அடிப்படைப் பரீட்சை. இரண்டாவது, பி.ஈ. என்னும் தொழில்முறைப் பரீட்சை. இரண்டுக்கும் இடையில் வழக்கமாக நான்கு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். இலங்கைப் பட்டதாரிகள் தங்கள் பட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்ப நேரலாம். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014 முதல் வாஷிங்ரன் உடன்படிக்கையில் முழு உறுப்பினர் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

உரிமம் இல்லாவிட்டால் வேலையே இல்லை என்று பயமுறுத்த நாங்கள் வரவில்லை. தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இயந்திரப் பொறியியலாளர் பலர் உரிமம் இல்லாமலே பணியாற்றுகிறார்கள். ஆனால் பொதுமக்களுக்காக வரையப்படும் ஒரு திட்டத்தில் கையொப்பமிட்டு முத்திரை வைக்கும் உரிமை உரிமம் பெற்றவருக்கே உண்டு. கட்டடக் குளிரூட்டல், ஆலோசனைச் சேவை போன்ற துறைகளில் அந்த முத்திரைதான் மேலே ஏறும் படி.

எஃப்.ஈ. இயந்திரப் பொறியியல் பரீட்சையில் 110 வினாக்கள். நேரம் 5 மணி 20 நிமிடம். ஒரு வினாவுக்கு மூன்று நிமிடம்கூடக் கிடைக்காது. பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை. ஆகவே எந்த வினாவையும் வெறுமையாக விடக் கூடாது. 2020 யூலையில் வந்த பாடத்திட்டத்தின்படி மொத்தம் 14 பாடங்கள். 14 என்றவுடன் மலைத்துப் போகாதீர்கள். நாங்கள் அவற்றை நான்கு கட்டாகக் கட்டினோம்.

முதற் கட்டு, விசையும் திண்மமும். நிலையியலில் 9 முதல் 14 வினாக்கள். இயக்கவியலும் அதிர்வும் சேர்ந்து 10 முதல் 15. திரவியங்களின் பொறிமுறை 9 முதல் 14. இயந்திர வடிவமைப்பு 10 முதல் 15. கூட்டிப் பாருங்கள்: குறைந்தது 38 வினாக்கள், அதாவது மூன்றிலொரு பங்குக்கு மேல், இந்த நான்கிலிருந்தே வருகின்றன. இவற்றை இதே ஒழுங்கில்தான் படிக்க வேண்டும். நிலையியல் தெரியாமல் வளையில் ஏற்படும் தகைப்பைக் கணிக்க முடியாது. தகைப்பு தெரியாமல் அச்சுத் தண்டையோ சுரையாணியையோ வடிவமைக்க முடியாது.

பிள்ளைகளே, இந்தக் கட்டின் அத்திவாரம் உங்கள் இணைந்த கணிதக் கொப்பியிலேயே இருக்கிறது. சமநிலை, திருப்பம், உராய்வு, சட்டப்படல், எளிமை இசை இயக்கம் எல்லாம் அதே பாடம்தான். உடலைத் தனியே பிரித்து, அதில் தாக்கும் விசைகளை எல்லாம் குறித்த பிறகே சமன்பாடு எழுத வேண்டும் என்று ரீச்சர் பிடிவாதமாக நின்றாரே, அந்தப் பிடிவாதத்துக்கு அங்கே புள்ளி கிடைக்கிறது. வைத்தியர்களாகிய எங்களுக்கும் அது உதவியது. நோவுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் கைத்தடியைப் பிடிக்கச் சொல்கிறோம். ஏன்? ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மூட்டில் தாக்கும் விசை உடல் எடையின் இரு மடங்கையும் தாண்டும். எதிர்ப்பக்கத் தடி, தொலைவிலிருந்து ஒரு திருப்பத்தைக் கொடுத்து, தசை இழுக்க வேண்டிய விசையைக் குறைக்கிறது. சுத்தமான நிலையியல் கணக்கு அது.

இரண்டாம் கட்டு, வெப்பமும் ஓட்டமும். வெப்பவியக்கவியல் 10 முதல் 15, பாய்மப் பொறிமுறை 10 முதல் 15, வெப்ப இடமாற்றம் 7 முதல் 11. இங்கே பௌதிகவியல் வகுப்பு கைகொடுக்கும். பேணூலியின் சமன்பாட்டைக் குழாய்க்கு எழுதுவதும், புவசேயின் சமன்பாட்டை நாடிக்கு எழுதுவதும் ஒரே கைதான். ஆரை பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒன்றாகும். சுருங்கிய நாடி ஏன் அவ்வளவு ஆபத்து என்பதை எங்களுக்கு முதலில் சொன்னது பௌதிகவியலே. குறைமாதக் குழந்தை வெப்பத்தை இழப்பதும் கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல், ஆவியாதல் என்னும் வழிகளில்தான். பொறியியல் தோழி கொதிகலனுக்குக் கணக்குச் செய்தபோது, பிள்ளைநல வைத்தியரான தோழி குழந்தையின் அடைகாப்புப் பெட்டியை வைத்து விளக்கம் கேட்டார். இருவருக்கும் விளங்கியது.

மூன்றாம் கட்டைப் பலர் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். மின்னும் காந்தமும் 5 முதல் 8, திரவியப் பண்புகளும் உற்பத்தி முறைகளும் 7 முதல் 11, அளவீடும் கட்டுப்பாடும் 5 முதல் 8. இவற்றில் வரும் வினாக்கள் பெரும்பாலும் ஆழமானவை அல்ல. வாரத்துக்கு ஒரு மணி நேரம் தொடர்ந்து ஒதுக்கினால் போதுமாக இருந்தது.

நான்காம் கட்டு, கணிதம் 6 முதல் 9, நிகழ்தகவும் புள்ளிவிபரமும் 4 முதல் 6, பொறியியற் பொருளாதாரம் 4 முதல் 6, ஒழுக்கவியலும் தொழில்முறை நடத்தையும் 4 முதல் 6. பொருளாதாரம் என்றால் பயப்பட வேண்டாம். இன்று கையில் உள்ள காசுக்கும் ஐந்து வருடம் கழித்து வரும் காசுக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. சீட்டுக் கட்டி, கழிவு பார்த்து, எந்த மாதம் எடுத்தால் லாபம் என்று மனக்கணக்குப் போட்ட அம்மாமாரின் பிள்ளைகள் நாங்கள்.

ஒழுக்கவியலைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறோம். வினாக்கள் குறைவு என்று அதை ஒதுக்குவோர் உண்டு. ஆனால் உரிமம் என்ற ஒன்று ஏன் தோன்றியது என்பதற்கு விடை அந்தப் பாடத்திலேதான் இருக்கிறது. அமெரிக்காவில் முதன்முதலில் 1907இல் வயோமிங் மாநிலம் பொறியியலாளருக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் செய்தது. டெக்சாஸ் அதைச் செய்தது 1937இல். அந்த ஆண்டு மார்ச் 18ஆம் திகதி, அங்கே நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பாடசாலைக் கட்டடத்தின் அடியில் இயற்கை வாயு கசிந்து தேங்கியிருந்தது. அந்த வாயுவுக்கு மணம் இல்லை, எவருக்கும் தெரியவில்லை. ஒரு மின் கருவியின் பொறி பட்டுக் கட்டடம் வெடித்தது. ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், இறந்தார்கள். அதன் பிறகே வாயுவில் மணமூட்டும் பொருள் கலக்க வேண்டும் என்ற விதி அங்கே வந்தது. பொறியியலாளர் பதிவுச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. ஒரு பாடசாலை மண்டபத்தில் நின்று இதைச் சொல்லும்போது எங்கள் நெஞ்சு கனக்கிறது. பொதுமக்களின் பாதுகாப்பு முதலாளியின் விருப்பத்துக்கும் முந்தியது என்பதுதான் அந்த நாலைந்து வினாக்களின் சாரம்.

எங்கள் பரீட்சைகளிலும் இப்படியே. ஏ.எம்.சி. முதற் பரீட்சையில் பெரியவர் மருத்துவம், சத்திரசிகிச்சை, பெண்கள் நலம், பிள்ளைகள் நலம், உளநலம் ஆகியவற்றோடு சமுதாய நலமும் ஒழுக்கவியலும் தனிப் பகுதியாக நிற்கின்றன. கனடாவில் பல மாகாணங்களில் பொறியியலாளர் எழுதும் தொழில்முறைப் பரீட்சை முழுக்க முழுக்கச் சட்டமும் ஒழுக்கவியலும்தான்: 110 வினாக்கள், இரண்டரை மணி நேரம். ரொறன்ரோவில் இருக்கும் சகோதரிகளுக்கு இன்னொரு செய்தி. ஒன்ராறியோவில் உரிமத்துக்குக் கனடிய வேலை அனுபவம் கட்டாயம் என்ற விதி 2023 மே மாதம் நீக்கப்பட்டுவிட்டது. அந்த விதியைக் கேட்டு மனம் விட்டவர்கள் மீண்டும் விசாரித்துப் பாருங்கள்.

படிக்கும் முறையில் மூன்று விடயங்களைச் சொல்கிறோம். ஒன்று, எஃப்.ஈ. பரீட்சைக்குச் சூத்திரங்களை மனனம் செய்ய வேண்டியதில்லை. என்.சி.ஈ.ஈ.எஸ். தரும் கைநூல் பரீட்சைத் திரையிலேயே திறந்திருக்கும். அதே நூலை வீட்டிலும் இலவசமாகப் பெறலாம். முதல் நாளிலிருந்தே அதை வைத்துப் பயிற்சி செய்தால்தான் எந்தச் சூத்திரம் எந்த இடத்தில் என்று கை தானாகப் போகும். இரண்டு, கணிகருவி. அனுமதிக்கப்பட்ட சில வகைகளைத் தவிர வேறெதையும் உள்ளே விடமாட்டார்கள். மடக்கை அட்டவணையோடு உயர்தரம் எழுதிய எங்கள் தலைமுறை, பரீட்சைக்குக் கொண்டுபோகும் அதே கருவியிலேயே மாதக்கணக்காகப் பழக வேண்டும்.

மூன்று, அலகுகள். நாங்கள் நியூற்றனிலும் யூலிலும் வளர்ந்தவர்கள். அங்கே இறாத்தல், அடி, பி.ரி.யூ. எல்லாம் சேர்ந்து வரும். இறாத்தல் திணிவா, இறாத்தல் விசையா என்று ஒவ்வொரு முறையும் நின்று கேட்க வேண்டும். வைத்தியர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. குருதி வெல்லத்தை இங்கிலாந்தில் மில்லிமோலில் சொல்வார்கள், அமெரிக்காவில் மில்லிகிராமில். இடையில் நிற்கும் எண் 18.

எஃப்.ஈ. முடிந்து பி.ஈ.க்குப் போகும்போது பாதை மூன்றாகப் பிரியும்: குளிரூட்டலும் காற்றோட்டமும், இயந்திர வடிவமைப்பும் திரவியங்களும், வெப்ப-பாய்மத் தொகுதிகள். ஒன்றைத் தெரிவு செய்து 80 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். செய்யும் வேலைக்குக் கிட்டியதைத் தெரிவதே புத்தி.

எங்கள் டெக்சாஸ் தோழி எஃப்.ஈ. சித்தியடைந்துவிட்டார். இப்போது கட்டடக் குளிரூட்டல் வடிவமைக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில், தன் மகனை விடச் சில வயதே மூத்த பொறியியலாளர்களோடு இருந்து அனுபவ ஆண்டுகளைச் சேர்க்கிறார். சம்பளம் பெரிதல்ல. பட்டச் சான்றிதழ் மட்டும் அலுமாரியிலிருந்து வெளியே வந்து சுவரில் தொங்குகிறது.

முன்வரிசைப் பிள்ளைகளே, "பெண் பிள்ளைக்கு மெக்கானிக்கல் எதற்கு?" என்று வீட்டில் யாராவது கேட்டால், பதினான்கு பாடங்களின் பெயரையும் சொல்லிக் காட்டுங்கள். ஸ்பனர் பிடிக்கும் பலத்தைக் கேட்கும் பாடம் அதில் ஒன்றுகூட இல்லை.

சகோதரிகளே, சங்கத்திடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் எழுப்புவோம், மணிக்கூட்டுக் கோபுரம் எழுப்புவோம்; அவை வேண்டியவையே. அவற்றோடு, எந்த நாட்டில் எந்த உரிமத் தேர்வை எந்தப் பழைய மாணவி எழுதியிருக்கிறார் என்ற ஒரு பதிவேட்டையும் வைத்திருப்போம். வைத்தியம், பொறியியல், கணக்கியல், தாதியம், சட்டம், எதுவானாலும் சரி. புதிதாக எழுத நினைக்கும் ஒருவருக்கு, முன்பே எழுதிய ஒருவரின் தொலைபேசி இலக்கம் கிடைத்தால் போதும். மிச்சத்தை அவர்கள் இருவரும் பார்த்துக்கொள்வார்கள்.

எங்கள் சனிக்கிழமை வகுப்பு இப்போதும் நடக்கிறது. அடுத்த பாடம் வெப்ப இடமாற்றம். இந்த முறை படிக்கப் போகிறவர் எங்களுக்கு ஆறு வருடம் மூத்த அக்கா ஒருவர். இன்னும் இடம் இருக்கிறது, வாருங்கள்.