சுணை என்று விட்ட சொறி

(அட்டாளைச்சேனைக்கு வந்திருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



நீங்கள் அரிப்பு என்பதை நாங்கள் 'கடி' என்போம். எங்கட பக்கத்தில் வேளாண்மை வெட்டினாலும் கரும்பு வெட்டினாலும் உடம்பு கடிக்கும். அதற்குச் சுணை என்று பெயர். குளித்தால் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். மாதக்கணக்கில் நிற்கிற கடி சுணை இல்லை.

இங்கு ஒரு குடும்பம். முதலில் தகப்பனுக்குத்தான் கடி. காட்டிய இடத்தில் கையைத் தூரத்தில் வைத்துப் பார்த்து 'அலர்ஜி' என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார்கள். பூசினால் இரண்டு நாள் சுகம், பிறகு முன்னைவிட மோசம். இறால், கத்தரிக்காய், கருவாடு எல்லாம் நிறுத்தியாச்சு. மூன்றாம் மாதம் மனைவிக்கும் கைப்பிள்ளைக்கும் வந்துவிட்டது. "இரவில் கூடுமா? வீட்டில் வேறு யாருக்கும் இருக்கா?" இந்த இரண்டு கேள்வியையும் அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. பிறகு வேறோர் இடத்தில் விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளடி எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்கள். சொறிதான். ஸ்கேபிஸ் என்பார்கள்.

இது அழுக்கால் வருவதல்ல. அரை மில்லிமீற்றரும் இல்லாத ஒரு பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. தொற்றி நான்கைந்து கிழமைக்குப் பிறகுதான் முதல் கடி தொடங்கும், அதற்குள் பக்கத்தில் படுப்பவருக்கும் போயிருக்கும். ஸ்டீரொய்ட் களிம்பு சிவப்பையும் கடியையும் அமத்தும், பூச்சியைக் கொல்லாது. படர்தாமரைக்கும் இதே கதிதான்.

பெரிய டொக்டர்மாரும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். 1687இலேயே இத்தாலியில் பொனோமோ என்பவர் பூச்சியைக் கண்டு எழுதினார். ஆனாலும் பாரிஸ் வைத்தியர்கள் கொப்புளத்துக்குள் தேடித் தேடிக் காணாமல், அப்படி ஒன்றே இல்லை என்றார்கள். 1834இல் ரெனூச்சி என்ற கோர்சிக்கா மாணவர் ஊசியால் எடுத்துக் காட்டினார். தன் ஊர்க் கிராமத்துப் பெண்கள் செய்வதைப் பார்த்துப் படித்த வித்தை அது! பூச்சி இருப்பது கொப்புளத்தில் அல்ல, வளையின் முனையில்.

சும்மா கடிதானே என்று விடாதீர்கள். பிள்ளை சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்தால், அந்தக் கிருமியால் சிறுநீரகம் வீங்கலாம். முகம் அதைத்தாலோ, சிறுநீர் தேயிலைச் சாயம்போல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மருந்து இருக்கிறது. பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, நகத்தடியும் விடாமல், இரவில் பூசிக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு கிழமைக்குப் பின் இன்னொரு தரம். கைப்பிள்ளைக்குத் தலைக்கும் பூச வேண்டும். அதை டொக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். முக்கியம் என்னவென்றால், ஒரே காம்பராவில் படுக்கிற எல்லாரும், கடி இல்லாதவரும், ஒரே இரவில் பூச வேண்டும். லயத்தில் இதுதான் கஷ்டம் என்று தெரியும். கடைசிப் பிள்ளையை விட்டால் திரும்ப வரும். உடுப்பு, போர்வையைச் சுடுநீரில் கழுவுங்கள். கழுவ முடியாத கம்பளியை ஒரு கிழமை பையில் கட்டி வையுங்கள்.

பூச்சி செத்த பிறகும் கடி இரண்டு முதல் நான்கு கிழமை இருக்கலாம். அதற்காக மருந்தைக் கூட்டிப் பூச வேண்டாம். அதற்கும் மேலே புதுக் கொப்புளம் வந்தால் திரும்பப் போங்கள், இதுவரை பூசிய களிம்புக் குழாய் எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு.