ஜாடையும் ஜோடியும்

கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் பக்கத்திலிருந்த பையனிடம், "மூக்கைப் பார்த்தாலே தெரியுதே, நீ மாப்பிள்ளைக்குத் தம்பிதானே?" என்றார். "இல்லைங்க தாத்தா, நான் சமையல்காரர் மகன்!"

பச்சைப்பாசி விஷயத்திலும் இப்படித்தான். பல வகைகள் வெறும் பச்சை உருண்டைகள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் ஒரே ஜாடை. யார் யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஓர் இடம், ஜெர்மனியில் உள்ள வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகம். அங்குள்ள ஆய்வாளர்கள் ஐ.டி.எஸ்.2 என்ற சின்ன மரபுத் துண்டைப் பிடித்துக்கொண்டார்கள். அதன் ஆர்.என்.ஏ. நகல், நாலு விரல் விரித்த கை மாதிரி மடங்கி நிற்கும். ஒவ்வொரு விரலிலும் மரபு எழுத்துகள் ஜோடி ஜோடியாகக் கைகோத்திருக்கும். ஓர் எழுத்து மாறினால் ஜோடி பிரியும். எதிர் எழுத்தும் அதற்கேற்ப மாறிவிட்டால் விரல் பிழைத்துக்கொள்ளும். இரண்டு உயிர்களுக்கிடையே இப்படியொரு ஜோடி மாற்றம் தெரிந்தால், அவை அநேகமாக வேறு வேறு இனம். செடிகளையும் காளான்களையும் வைத்து 2007-இல் கணக்குப் போட்டார்கள். நூற்றுக்குச் சுமார் 93 தடவை சரியாக இருந்தது.

இதைச் சொன்னதும் நண்பர் சிரித்தார்: "ஒருத்தர் மாறினா இன்னொருத்தரும் அனுசரிச்சு மாறணும், அப்பத்தான் கட்டுமானம் நிக்கும். இதைக் கண்டுபிடிக்க ஜெர்மனிக்கா போகணும்? எங்க வீட்டுக்கு வந்தா போதுமே!"