நம் ஊரை நாம் அறிவோம்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



உலகப் படத்தில் லண்டனைக் காட்டு என்றால் நம் பிள்ளைகள் சட்டென்று காட்டிவிடுகிறார்கள். "பாலிக் புலாவ் எப்படி உண்டாச்சு?" என்றால் விழிக்கிறார்கள். ஆகவே நம் ஊரைப் பற்றியே நாலு வார்த்தை பேச விரும்புகிறேன்.

பாலிக் புலாவ் என்றால் மலாயில் தீவின் பின்புறம் என்று பொருள். பினாங்குத் தீவின் நடுவே வடக்குத் தெற்காக மலைத்தொடர் ஓடுகிறது. அதன் கிழக்கே ஜோர்ஜ்டவுன், மேற்கே நாம். மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி வருகிறது. அதனால்தான் சரிவில் டுரியானும் ஜாதிக்காயும், கடலோரச் சமநிலத்தில் நெல்லும் விளைகின்றன.

1786-இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடியேற்றினார். பின்னர் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகள் வந்தன. 1821-இல் சயாம் படை கெடாவைத் தாக்கியபோது ஓடிவந்த மலாய்க்காரர் பலர் இங்கே குடியேறினர். ஹக்கா சீனரும் வந்து தோட்டம் போட்டனர். 1854-இல் இயேசுவின் திருநாமத் தேவாலயம் தொடங்கியது. 1860 வாக்கில் நோய் கண்டு ஜாதிக்காய் மரங்கள் பட்டுப்போயின. இருபதாம் நூற்றாண்டில் ரப்பர் வந்தது.

சரி, நம்மவர் எங்கே? இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் இத்தீவில் சாலை வெட்டினார்கள். கங்காணி அழைத்து வந்த நம் பாட்டன் பாட்டிமார் பால் மரம் சீவினார்கள். புத்தகத்தில் கொடியேற்றியவர் பெயர் இருக்கிறது. காடு வெட்டியவர் பெயர் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து நம்மவரை ஏற்றிவந்த 'ரஜூலா' கப்பல் 1973-இல் ஓட்டத்தை நிறுத்தியது. அதில் வந்தவர்கள் இன்று சிலரே. அவர்கள் கண்மூடினால் அந்தக் கதையும் போச்சு. லயம் இடிந்து வீடமைப்பு வந்துவிட்டால், அது இருந்த இடத்தைக் காட்டக்கூட ஆளிருக்காது.

மாணவர்களே, இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து, "எந்த ஊரிலிருந்து வந்தீங்க? எந்தத் தோட்டம்? என்ன கூலி?" என்று கேட்டு எழுதுங்கள். பெற்றோர்களே, "உனக்கு எதுக்குடா பழைய கதை?" என்று விரட்டாதீர்கள். பழைய பாஸ்போர்ட்டையும் சம்பளச் சீட்டையும் குப்பையில் போடாதீர்கள். பிறப்புப் பத்திரம் இல்லாமல் அல்லல்படும் குடும்பத்துக்கு அந்தக் காகிதமே ஒருநாள் சாட்சியாகலாம்.

பரிசு வாங்கிய கைதான் எழுத வேண்டும் என்பதில்லை. வாங்காத கையும் எழுதலாம்.