குறி ஏன் தவறுகிறது?



இலக்கை நோக்கிச் சுடும்போது குறி தவறுதல் இருவகைப்படும். குண்டுகள் யாவும் ஒரே இடத்தில் நெருங்கி விழுந்து, அவ்விடம் நடுவினின்றும் விலகியிருப்பது ஒருவகை. நாற்புறமும் சிதறிக் கிடப்பது மற்றொரு வகை. முன்னதற்குக் காரணம் மாறாத பிழை. பின்னதற்குக் காரணம் மாறிக்கொண்டேயிருக்கும் பிழை. நோய் இன்னதென்று அறிந்த பின்னரன்றோ மருந்து தேடல் வேண்டும்?

மாறாத பிழையைத் திருத்துதல் எளிது. 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில், 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி இறுதிச் சுற்றுக்கு முன், அபினவ் பிந்த்ராவின் சோதனைக் குண்டு நடுவினின்றும் வெகுவாக விலகிற்று. அவர் கலங்காது பார்வைக்குறியைத் திருத்திக்கொண்டார். இறுதிக் குண்டில் 10.8 புள்ளி பெற்று, மொத்தம் 700.5 புள்ளிகளுடன், தனிநபர் போட்டியில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார்.

சிதறலோ அத்துணை எளிதன்று. மேலைநாடுகளில் இலக்குச் சுடுவோர் சிலர் தம் தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்வர். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா செய்தல் குற்றம். எனினும், அவர்கள் பிழையைத் தேடும் முறை நாம் அறியத்தக்கது.

தோட்டாவில் கூடு, தீமூட்டி, எரிமருந்து, குண்டு என நான்கு உறுப்புகள் உண்டு. நம் நீலகிரியின் அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கார்டைட் தொழிற்சாலை, இத்தகைய எரிமருந்து செய்வதற்கென அமைந்ததே. இவற்றுள் ஒன்று தோட்டாவுக்குத் தோட்டா வேறுபட்டாலும் குண்டின் வேகம் மாறும். காற்றின் தடையை விடுத்துக் கணக்கிடுவோம். நொடிக்கு 800 மீட்டர் வேகமுடைய குண்டு, 300 மீட்டர் செல்வதற்குள் புவியீர்ப்பால் ஏறத்தாழ 69 சென்டிமீட்டர் தாழும். வேகம் 780 ஆயின், 72.5 சென்டிமீட்டர் தாழும். 100 மீட்டரில் இவ்வேறுபாடு 4 மில்லிமீட்டரே. 300 மீட்டரில் 36 மில்லிமீட்டர். தொலைவு மும்மடங்காயின் பிழை ஒன்பது மடங்காகிறது. அண்மையில் மறைந்திருந்த குறை சேய்மையில் வெளிப்படுவது இதனாலேயே.

ஆனால், அறிந்தோர் எடுத்த எடுப்பில் தோட்டாவைப் பழிப்பதில்லை. பார்வைக்குறியின் திருகு தளர்ந்துள்ளதா, குழலில் அழுக்குப் படிந்துள்ளதா என முதலில் நோக்குவர். பின்னர், நன்கு சுடுமென முன்பே அறிந்த தோட்டாக்களை அதே துப்பாக்கியில் இட்டுச் சுடுவர். அப்பொழுதும் சிதறினால், குறை துப்பாக்கியிலோ சுடுபவரிடத்தோ உள்ளது. சிதறாவிடின், குறை தோட்டாவில் உள்ளது. அதன் பின்னரும் ஒரு வேளைக்கு ஒன்றையே மாற்றுவர். இரண்டை ஒருங்கே மாற்றினால், பயன் எதனால் விளைந்தது என்று தெரியாது. மூன்று குண்டுகள் தற்செயலாகவும் நெருங்கி விழக்கூடும். ஆதலின் பலமுறை சுட்டே முடிவு கொள்வர்.

முடிச்சூரில் என்னைக் காண வரும் தேசிய மாணவர் படை இளைஞருட் சிலர், குண்டு சிதறியவுடன், "என் கைதான் நடுங்குகிறது, ஐயா" என்று தம்மையே நொந்துகொள்வர். அவர்களுக்கு நான் கூறுவது இதுவே: பயிற்றுநரின் இசைவு பெற்று, அதே துப்பாக்கியைத் தேர்ந்த ஒருவர் சுடட்டும், நீ வேறொரு துப்பாக்கியால் சுடு. அதன்பின் கை நடுக்கத்தைப் பற்றிப் பேசுவோம்.

சோதித்தறியுமுன் பிறரைப் பழிப்பது அறமன்று. தன்னைத் தானே பழித்துக்கொள்வதும் அத்தகையதே. ஆய்வுக்கூடத்தில் விடை பிழைபடும்போதும், தேர்வில் மதிப்பெண் குறையும்போதும், பிழை ஒரே பக்கம் சாய்கிறதா, சிதறுகிறதா என்று முதலில் பாருங்கள். பாதி விடை அதிலேயே அடங்கியிருக்கும்.